மூன்று வீட்டில் காய்ச்சிய பால்

ஆம்பூரில் நாங்கள் மூன்று வீடுகளில் பால் காய்ச்சியிருக்கிறோம். குடியிருப்பது ஒரு வீட்டில். மற்ற இரண்டு வீட்டுக்காரர்களும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனால்கூட நிம்மதியாக இருக்கும். அப்படிச் செய்வதில்லை. நின்று, சிரித்து, "எப்பம்மா நம்ம வீட்டுக்கு வர்றீங்க?" என்று கேட்கிறார்கள். நான் என்னத்தைச் சொல்வது? எல்லாம் எங்கள் அப்பா பார்த்த வேலை.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ரொம்ப வருஷம் குவாலிட்டி பார்த்தேன். தையல் விட்டதை, எண்ணெய்க் கறை பட்டதை, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை என்று வந்ததை எடுத்து ஒதுக்குகிற வேலை. ஒதுக்கி ஒதுக்கி என் புத்தியே அப்படி ஆகிவிட்டது என்று, என்னோடு கொஞ்ச காலம் குடித்தனம் நடத்திய மனுஷன் குடும்ப நீதிமன்றத்தில் சொன்னான். சொல்லிவிட்டுப் போகட்டும். அப்புறம் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கூப்பிட்டார்கள். பனியனுக்குப் பதில் ஷூ. மற்றபடி அதே ஒதுக்கல்தான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அப்பாவை என்ன செய்வது என்ற நினைப்பே வந்தது.

அப்பா டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அம்மா போன பிறகு தனிக்கட்டை. பிள்ளை என்று இருப்பது நான் ஒருத்திதான். ஆனாலும் என்னோடு இருக்க மாட்டார். "மக வீட்டுல போய் உக்காந்து சோறு திங்கறதாட்ட மானக்கேடு வேற இல்லை" என்பது அவருடைய சட்டம். திருப்பூரில் அவர் ஒரு லைன் வீட்டில் இருந்தார், நான் இரண்டு தெரு தள்ளி இன்னொரு லைன் வீட்டில். நான் சமைத்து, சாயங்காலம் கேரியரில் போட்டு அவருக்கு எடுத்துப் போவேன். அதே சோறு, அதே குழம்பு, என் கையால் ஆக்கினது. அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டால் மானம் இருக்கிறதாம். என் வீட்டுத் தரையில் உட்கார்ந்தால் போய்விடுகிறதாம். இதைக் கேட்டால் கோபம் வருமா வராதா? எனக்கு வரும்.

ஒரு நாள் கேரியரோடு போனேன். கதவைத் தட்டினால் சத்தமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தாழ்ப்பாளை உடைத்துப் பார்த்தால், சர்க்கரை இறங்கி பாத்ரூமில் மயங்கிக் கிடக்கிறார். தலைக்குப் பக்கத்தில் பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. எத்தனை நேரம் அப்படிக் கிடந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. வாயில் சர்க்கரையைப் போட்டு எழுப்பின பிறகு என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "ரசம் வெச்சயா கண்ணு?" நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டு தெரு தள்ளி இருந்ததால் கேரியர் போனது, கேரியர் போனதால் அவர் பிழைத்தார். ஆம்பூரில் இருந்து கேரியர் போகுமா? என்னோடு வந்துவிடுங்கள் என்றேன். கெஞ்சினேன். திட்டினேன். ஒரு வாரம் பேசாமல் இருந்தேன். கடைசியில் கொஞ்சம் இறங்கி வந்து, "வீடு பாக்க வேணா கூட வர்றேன். இருக்கறதெல்லாம் தண்ணியைப் பொறுத்துத்தான். அந்தூர்த் தண்ணியில டீ நல்லா வந்துதுன்னா அப்பறம் யோசிக்கலாம்" என்றார்.

டீ என்றால் அவருக்கு உயிர். சர்க்கரை இல்லாமல் குடிப்பதால் தண்ணீரின் யோக்கியதை நாக்கில் நேராகத் தெரிந்துவிடுமாம். திருப்பூரில் சாயப்பட்டறைத் தண்ணீரில் பல வருஷம் டீ குடித்த நாக்கு அது. சரி, நல்ல தண்ணீர் வருகிற வீடாகப் பார்த்தால் ஆள் வந்துவிடுவார் என்று நான் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் குவாலிட்டி பார்த்தவள் நான். அந்த வார்த்தையைத் திருப்பிப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டேன் பாருங்கள்.

நான் முதலில் போய் வேலையில் சேர்ந்துவிட்டேன். வீடு பார்க்க அப்பா ஆம்பூரில் வந்து இறங்கினபோது தோளில் ஒரு பெரிய பை. உள்ளே கரண்ட் அடுப்பு, இரண்டு குண்டா, வடிகட்டி, டீத்தூள் டப்பா, எவர்சில்வர் டம்ளர்கள். "இதெல்லாம் எதுக்குங்கப்பா?" என்றேன். "வெறுஞ் சுவத்தைப் பாத்து என்ன கண்ணு தெரியும்? ஒவ்வொரு வீட்லயும் டீ போட்டுக் குடிச்சுப் பாக்கோணும்" என்றார். மறுநாள் ராத்திரி ரயிலுக்குத் திரும்பிப் போக ஜோலார்பேட்டையில் இருந்து டிக்கெட்டும் கையோடு போட்டுக்கொண்டு வந்திருந்தார். அந்த டிக்கெட்டைப் பார்த்தே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போனில் ஆப்பைப் பார்த்து வீடு தேடிக் கண்ணு பூத்துப் போயிருந்தேன். போட்டோவில் வாடை தெரியாது என்பது ஆம்பூர் வந்தால்தான் புரியும். கம்பெனியில் சொன்னார்கள் என்று ஒரு புரோக்கர் பாயைப் பிடித்திருந்தேன். வீட்டுப் புரோக்கர் வேலை அவருக்குச் சைடு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை வைத்து, எக்ஸ்போர்ட்டில் ஒதுக்கின ஷூக்களை விற்கிறார். வலது கால் கறுப்பு, இடது கால் கறுப்பு மாதிரி ஒரு நிறம். நான் குவாலிட்டி என்று சொன்னதும் எழுந்து நின்று சலாம் போட்டார். "நீங்க நல்லா ஒதுக்குங்க மேடம். நீங்க ஒதுக்கினாதான் நமக்குப் பொழப்பு."

அவர் வீடுகளைக் காற்றை வைத்துத்தான் சொல்வார். "இந்த வீடு மேக்கால காத்து அடிக்கிற மாசம் கொஞ்சம் தோல் வாடை வரும் மேடம். காத்து கெழக்கால திரும்பிடிச்சின்னா ஊட்டி." இன்னொரு வீடு ஆடி மாசம் மட்டும் பேஜார். இன்னொன்றில் சமையலறை ஜன்னலைத் திறக்காத வரைக்கும் ஒன்றும் இல்லை. இதையெல்லாம் அவர் ஒளிக்காமல், ரொம்பப் பெருமையாகச் சொன்னார்.

முதல் வீடு ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரரும் அவர் சம்சாரமும். வீட்டுக்காரர் வாயே திறக்காத ஆள்; அவருக்கும் சேர்த்து அந்த அம்மாதான் பேசினார். "வாடகை எல்லாம் பெரிசு இல்லம்மா. வீடு ஒரு வருஷமா காலியா கீது. நல்ல மனுஷா வந்து இருந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டே மேலே கூட்டிப் போனார். ஹாலும் ரூமும் பளிச்சென்று இருந்தன. அப்பா ஹாலையும் பார்க்கவில்லை, ரூமையும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய்ப் பையைத் திறந்து கடையைப் பரப்பிவிட்டார்.

அவர் டீ போடுகிற முறை தனி. பால் ஒரு பக்கம் தனியாகக் காய வேண்டும். டிக்காஷன் தனியாக இறங்க வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, குழாயைத் திறந்து உள்ளங்கையில் தண்ணீர் பிடித்து நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. "ஏனுங் அம்மிணி, உப்பும் போட்டே குடுத்தர்றீங்களா?" என்று கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "அது போர் தண்ணி பெரியவரே. குளிக்க, தொவைக்க. குடிக்கறதுக்கு எல்லாரும் கேன் தண்ணிதான்" என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, பின்னால் புஸ்ஸென்று பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்து மேடை முழுக்க ஓடியது.

அப்பா, "அடடடா, போச்சு" என்றார்.

அந்த அம்மாவுக்கோ கண் விரிந்துபோனது. "பொங்கிடிச்சி! ஏங்க, மேல வாங்க, பால் பொங்கிடிச்சி!" என்று படியில் நின்று கத்தினார். கீழே இருந்து புருஷன் ஓடி வந்தார். பக்கத்து மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண் எட்டிப் பார்த்து, "வந்துட்டாங்களா?" என்றாள். அந்த அம்மா கீழே போய் குங்குமச் சிமிழோடு வந்து என் நெற்றியில் வைத்துவிட்டார். நான் பதறிப்போய், "ஐயோ இல்லீங்க, டீ போட்டுப் பாக்கறோமுங்க, அவ்வளவுதான்" என்றேன். "டீயோ காப்பியோ, புது வீட்ல பால் பொங்கிச்சா இல்லியா?" என்று கேட்டார். பொங்கியது. அதை எப்படி இல்லை என்பது?

மிச்சப் பாலில் டிக்காஷனை ஊற்றினார் அப்பா. ஊற்றின வேகத்தில் திரிந்தது. மேலே மஞ்சளாகத் தண்ணீர், அடியில் வெள்ளை வெள்ளையாகக் கட்டி. டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, பையை மடக்கி, "போலாம் ரைட்" என்றார். முப்பது வருஷம் பஸ்ஸில் சொன்ன வார்த்தை. ஒரு இடம் முடிந்துவிட்டது என்றால் அவருக்கு வேறு வார்த்தை வராது. நெற்றியில் குங்குமத்தோடு நான் பின்னால் இறங்கினேன். அந்த அம்மா வாசலில் நின்று, "நல்ல நாள் பாத்து சாமானை எறக்குங்க" என்று கையாட்டினார்.

மறுநாள் காலையில் இரண்டாவது வீடு. ரிட்டையர் ஆன டீச்சரம்மா ஒருவர், தனி ஆள், வீட்டின் பின்பக்கத்து போர்ஷனை வாடகைக்கு விடுவதாக இருந்தார். சர்ச்சுக்குப் பக்கத்தில் வீடு. நேற்று பட்டதால் நான் முன்ஜாக்கிரதையாக, "டீச்சர், இது சும்மா டீ. வீட்டுக்கு வர்றதுக்குப் பால் காய்ச்சறது இல்லைங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் மூக்குக்கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "எந்தக் காரியமும் ஜெபத்தோட ஆரம்பிக்கணும்மா" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த ஜெபம் இருக்கிறதே! பாலுக்காக வேண்டினார். தண்ணீருக்காக வேண்டினார். நகராட்சிக்காக வேண்டினார். என் வேலைக்காக, என் கம்பெனிக்கு ஆர்டர் வர, என் வெயிட்டு குறைய, பிறகு இந்த மகளுக்கு ஏற்ற துணையைத் தேடித் தரும்படி என்று வந்து நின்றார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். எங்கள் அப்பா, பாதிக் கண்ணைப் பாலின் மேல் வைத்துக்கொண்டு, "ஆமென்" என்று அத்தனை சத்தமாகச் சொன்னார். பால் எழும்புகிற நேரம் பார்த்துக் கரெக்டாக அடுப்பை அணைத்தார். டீ திரியவில்லை. ஆனால் குடித்தால் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிற மாதிரி இருந்தது, அத்தனை பிளீச்சிங் பவுடர். "போலாம் ரைட்." டீச்சரம்மா கேட் வரைக்கும் வந்து, "சாயங்காலமே சர்ச்ல சொல்லிடறேன், நம்ம வீட்டுக்கு ஒரு குடும்பம் வருதுன்னு" என்றார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் உள்ளே போய்விட்டார்.

மூன்றாவது, புதுசாகக் கட்டின ஒரு அப்பார்ட்மெண்ட். தோல் வியாபாரம் செய்கிற ஒரு பாய்க்குச் சொந்தமான பிளாட். ஆள் நல்ல உயரம், நல்ல வெள்ளை ஜிப்பா. பேரீச்சம்பழமும் பிஸ்கட்டும் தட்டில் வைத்துத்தான் பேச்சையே ஆரம்பித்தார். லிப்ட் உண்டு, வாட்ச்மேன் உண்டு. முக்கியமாகக் காவிரித் தண்ணீர் லைன் உண்டு. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் வாடை வராது என்று புரோக்கர் பாய் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்.

இங்கேயும் நான், "இது சும்மா டீதாங்க பாய்" என்றேன். "எங்க வீட்லயும் துவா ஓதிட்டுப் பால் காய்ச்சித்தாம்மா குடி வருவோம்" என்றார் வீட்டுக்காரர். "பாலுன்னா பால்தான். அதுல சும்மா பாலுன்னு ஒண்ணு இருக்குதா?" என்று அவரும் கையை ஏந்தி வாய்க்குள் ஏதோ ஓதினார்.

அப்பா பால் பக்கத்தைவிட்டு இம்மியும் நகரவில்லை. கரண்டியோடு காவல் நின்றார். டிக்காஷன் இறங்கியது. பாலை ஊற்றினார். பாருங்கள், அந்த நிறம்! செம்மண்ணில் மழை விழுந்த நிறம். எனக்கு ஒரு டம்ளர், பாய்க்கு ஒன்று, புரோக்கருக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஒரு வாய் உறிஞ்சிவிட்டுக் கண்ணை மூடினார். மறுபடி உறிஞ்சினார். காலி டம்ளரில் மறுபடியும் ஊற்றிக்கொண்டார். அம்மா போன பிறகு அவர் இரண்டாவது டம்ளர் ஊற்றி நான் பார்த்ததில்லை. அப்பாடா, தீர்ந்தது நம் கவலை என்று எனக்கு மனசு நிறைந்துபோனது. எந்த ரூமை அவருக்குக் கொடுக்கலாம், பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைக்க வேண்டும், உள்ளே தாழ்ப்பாளே வேண்டாம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

அப்பா டம்ளர்களைக் கழுவினார். துடைத்தார். பையில் அடுக்கினார். ஜிப்பை இழுத்தார். என் முகத்தைப் பார்க்காமல், "போலாம் ரைட்" என்றார்.

ரோட்டுக்கு வருகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன். வந்ததும் வெடித்துவிட்டேன்.

"என்னங்கப்பா குறை அந்த டீக்கு? சொல்லுங்க. என்ன குறை?"

"டீயில ஒரு குறையும் இல்லை கண்ணு."

"அப்பறம்?"

"டீ நல்லா வந்துதுன்னா யோசிக்கலாம்னுதான சொன்னேன்? யோசிச்சேன். வேண்டாம்."

ஈரத் தோல் ஏற்றின டெம்போ ஒன்று சொட்டச் சொட்ட எங்களை உரசிக்கொண்டு போனது. அந்த நாற்றத்தில் நின்றுகொண்டு நான் நடுரோட்டில் கத்தினேன். டீதான் குறை என்றால் காவிரியையே குடத்தில் கொண்டு வந்திருப்பேனே, வர இஷ்டமில்லை என்றால் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே என்றேன். ரெண்டு நாளாக ஊரெல்லாம் பால் காய்ச்ச வைத்து என்னைக் கோமாளி ஆக்கிவிட்டீர்கள் என்றேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்க்கிற ஆளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார்.

"நீ எத்தனை நல்ல வீடு பாத்தாலும் அது உன்ற வீடுதான சாமி? மக சம்பாரிச்சுப் போடறதுல உக்காந்து தின்னுட்டு, அந்த வீட்ல நான் யாரு? வர்றவங்க போறவங்க கேட்டா என்னன்னு சொல்றது? எனக்கு அந்த லைன் வீடே போதும்."

"அந்த லைன் வீட்டுப் பாத்ரூம்ல நீங்க விழுந்து கிடந்ததை நீங்க பாக்கலைங்கப்பா. நான் பாத்தேன். எனக்குப் பயமா இருக்குது. தினமும் ராத்திரி படுத்தா அந்தக் கதவுதான் வருது. அடுத்த தடவை தட்டறதுக்கு யாரு இருக்கறாங்க?"

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, "வண்டிக்கு நேரமாயிரும்" என்றார். இனி இந்த மனுஷனிடம் பேசிப் பிரயோஜனம் இல்லை என்று எனக்கு மனசு விட்டுப்போனது. ஆட்டோவுக்குக் கையை நீட்டினபோது போன் அடித்தது. புரோக்கர் பாய்.

"மேடம், எங்க இருக்கீங்க? ஒடனே கடைக்கு வாங்க. என் உசுரை வாங்கறாங்க."

கடைக்குப் போனால், ஒதுக்கின ஷூக்களுக்கு நடுவில் மாடி வீட்டு அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் புருஷன் பின்னால் நின்றார். டீச்சரம்மா கையில் குடையோடு ஒரு பக்கம். புரோக்கரையும் ஏற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் காரில் வந்துவிட்ட தோல் பாய் இன்னொரு பக்கம். புரோக்கர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மூணு பேரும் நீங்க அவங்க வீட்டுக்குத்தான் வரணும்னு நிக்கறாங்க மேடம். வீட்டை வேற பார்ட்டிக்குக் காட்டவும் மாட்டேன்றாங்க. என் சர்வீஸ்ல இப்பிடிப் பாத்ததில்ல" என்றார்.

மாடி வீட்டு அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார். நேற்று பால் பொங்கின சாயங்காலமே அவர் பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டில் இருந்து போன் வந்ததாம். மூன்று மாசமாக இழுத்தடித்துக்கொண்டிருந்தவர்கள், சரி என்று சொல்லிவிட்டார்களாம். "உங்க கை ராசி! நீங்க வேற எங்கியாவது போய்ட்டீங்கன்னா, அவங்க மனசு மாறிடிச்சின்னா நான் இன்னா செய்றது?" என்றார். டீச்சரம்மா, தான் பாஸ்டரிடம் சொல்லிவிட்டதாகவும், ஆண்டவரிடம் கேட்டதை வாபஸ் வாங்க முடியாது என்றும் சொன்னார். தோல் பாய் தாடியைத் தடவிக்கொண்டு, "எங்கிட்ட வந்து பால் காய்ச்சி, என் வீட்ல பேரீச்சம்பழம் சாப்ட்டுட்டாங்க. நான் மனசால குடுத்தாச்சு. குடுத்த பேச்சு குடுத்ததுதான்" என்றார்.

தலை சுற்றியது. வாடகை வீடு கிடைக்காமல் அலைந்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்று வீட்டுக்காரர்கள் ஒரே ஆளுக்காகச் சண்டை போட்டு எங்காவது கேட்டிருக்கிறீர்களா? நான் வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் மாடி வீட்டு அம்மா கையை உயர்த்தினார். "பால் எங்க பொங்கிச்சோ அங்கதான் வீடு. சும்மா காய்ச்சறது எல்லாம் கணக்கு இல்ல. வழியணும். உங்க வூட்ல வழிஞ்சிச்சா, சொல்லுங்க."

நியாயம்தானே என்பதுபோல் எல்லோரும் தலையாட்டினார்கள். தோல் பாய் யோசித்துப் பார்த்து, "இல்ல. பெரியவர் கரண்டி வெச்சுக்கினு நின்னாரு" என்று ஒத்துக்கொண்டார். டீச்சரம்மா மட்டும் விடவில்லை. "எங்க வீட்ல பொங்கியிருக்கலாம். நான் கண்ணை மூடி ஜெபத்துல இருந்தேன். எனக்கு எப்படித் தெரியும்?"

எல்லோரும் எங்கள் அப்பாவைப் பார்த்தார்கள். அவர் அதுவரைக்கும் ஒரு ஓரமாக உட்கார்ந்து, ஒற்றை ஷூ ஒன்றைக் காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்க்கையில் ஒரு டிக்கெட் தப்பாகக் கிழிக்காதவர். "இல்லீங் டீச்சர், பொங்கலைங். நான் பாத்துட்டேதான் இருந்தேன். அந்தம்மா வீட்லதானுங் பொங்குச்சு. நல்லா வழிஞ்சுதுங்" என்றார்.

"அப்ப முடிஞ்சிச்சி" என்றார் மாடி வீட்டு அம்மா. "யாரு கையால பொங்கிச்சு?"

"என்ற கையாலதானுங்."

"அப்ப வீடு உங்களுது. அக்ரிமெண்ட் பெரியவர் பேர்லதான் போடணும். யாரு கை பட்டுப் பொங்கிச்சோ அவங்கதான் அந்த வூட்டுக்கு ஆளு. மாத்தினா எங்களுக்கு ஆகாது."

அப்பா ஷூவைக் கழற்றிவிட்டுப் பதறிப்போய் எழுந்தார். "அய்யோ, எனக்கெதுக்குங்? நான் ராத்திரி வண்டிக்கு ஊருக்குப் போறேனுங். வீடு என்ற மகளுக்குத்தானுங்."

"உங்க மக உங்க கூட வந்து இருந்துக்கட்டுமே. நானா வேணாம்னேன்?" என்றார் அந்த அம்மா. "புருஷனை விட்டு வந்துட்ட பொண்ணு அப்பன் வூட்ல இருக்கிறது ஊர் உலகத்துல இல்லாததா?"

என் கதையைப் புரோக்கர்தான் சொல்லிவைத்திருப்பார். வேறு நாளாக இருந்தால் அந்த வார்த்தைக்கு நான் அந்தக் கடையையே புரட்டிப்போட்டிருப்பேன். என்னைப் புருஷனை விட்டு வந்துட்ட பொண்ணு என்று சொன்ன யாரையும் நான் சும்மா விட்டதில்லை. அன்றைக்கு நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஏனென்றால் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டேன். அந்த முகத்தில் ஏதோ ஒன்று மெதுவாக இளகிக்கொண்டிருந்தது. என் மூச்சு பட்டால்கூட நின்றுவிடும் என்று பயந்தேன்.

தோல் பாயும், "அதுல ஒண்ணும் தப்பு இல்ல பெரியவரே. அப்பா வீட்ல மக இருக்கறது கவுரவம்தான்" என்றார். டீச்சரம்மா குடையைத் தரையில் தட்டி, ஆமாம் என்றார். புரோக்கர் பாய் சந்தடி சாக்கில், அந்த வீட்டில் கிழக்குக் காற்று அடிக்கிற மாசம் ஊட்டி என்பதை இன்னொரு தடவை சொன்னார்.

அப்பா பையைத் தோளில் இருந்து இறக்கி ஸ்டூலில் வைத்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். அத்தனை பேர் முன்னால், அந்த ஜோடி சேராத ஷூக்களுக்கு நடுவில், என் பக்கம் திரும்பினார். நான் அவரிடம் எத்தனையோ தடவை கெஞ்சிக் கேட்ட கேள்வியை, ரொம்பக் கூச்சத்தோடு, என்னிடம் கேட்டார்.

"ஏங் கண்ணு... நீ எங்கூட வந்து இருக்கறயா?"

நான் அழுதால் அவரும் அழுதுவிடுவார், அத்தனை பேர் முன்னால் அது அவருக்குப் பிடிக்காது. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே வழியில், விறைப்பாக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன்.

"யோசிக்கோணுங்கப்பா. உங்க வீட்டுத் தண்ணியில டீ நல்லா வருங்களா?"

"எங்க வரும்?" என்றார் அப்பா. கண்ணில் தண்ணீர் நிற்கச் சிரித்தார். "திரிஞ்சுதான் போகும். நான் கேன் தண்ணி வாங்கி வெக்கறேன், நீ வா சாமி."